பெயர் தெரியாத தூண் கள்ளிகள்: வடசென்னை மாடித் தோட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரைத் தாண்டி ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு தூண் கள்ளி வளர்ந்து நிற்கிறது. யார் நட்டார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதன் பெயரைக் கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

செடியின் அருகில் போய் நிற்பதிலிருந்து. தெருமுனையில் நின்று எடுத்த முழுப் படத்தை அனுப்பி "இது என்ன?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பச்சையாக, நேராக, முள்ளோடு உயர்ந்து நிற்கும் செடிகளில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. தூரத்தில் எல்லாம் ஒரே சாயல்தான். செடியில் ஒரே ஒரு முகட்டைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரே ஒரு முள்கொத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தில் அடிக்கடி வரும் சொற்கள் மூன்று. தண்டில் மேலிருந்து கீழாக ஓடும் மேடுகள் முகடுகள். இரண்டு முகடுகளுக்கு நடுவில் இருப்பது பள்ளம். முகட்டின் விளிம்பில், முள் கிளம்பும் இடத்தில், பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு சிறு பொட்டு இருக்கும், அது ஏரியோல்.

பார்க்காமலே ஓர் ஊகம் சொல்லச் சொன்னால்: ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வீட்டை ஒட்டி உயர்ந்து நிற்பவற்றில் நான் பார்த்த வரை பெரும்பாலானவை செரியஸ் பேரினத்தைச் சேர்ந்தவை (நெருங்கிய உறவுள்ள பல இனங்களின் கூட்டம்தான் பேரினம்). அடுத்த பெரிய கூட்டம், கேக்டஸ் குடும்பத்திலேயே சேராத யூஃபோர்பியாக்கள்.

அம்மா அதைச் சதுரக்கள்ளி என்கிறார். சதுரக்கள்ளியும் கேக்டஸும் ஒன்றுதானே?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரக்கிளைகளில் ஒட்டி வளரும் ரிப்சாலிஸ் என்ற ஒரேயொரு இனம்தான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகக் காணப்படுகிறது. அதுவும் முள்ளில்லாத, தொங்கும் செடி. ஆகவே இந்தியாவில் நிற்கும் தூண் கேக்டஸ் எதுவாக இருந்தாலும் அது கப்பலேறி வந்தது. சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் வரும் கள்ளி கேக்டஸாக இருக்க வழியே இல்லை. அது நம் மண்ணின் யூஃபோர்பியா. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி மூன்றும் அந்தக் கூட்டம்தான். சப்பாத்திக்கள்ளி மட்டும் அமெரிக்கக் கேக்டஸ். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் செஞ்சாயம் தரும் பூச்சியை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டமே போட்டிருந்தார். இந்த ஊருக்கும் கேக்டஸுக்கும் அவ்வளவு பழைய உறவு உண்டு.

வேறுபாட்டை முள்ளில் பாருங்கள். சதுரக்கள்ளியில் முட்கள் இரண்டிரண்டாக, எதிரெதிர்ப் பக்கம் விரிந்து நிற்கும். அவற்றின் அடியில் பஞ்சு இருக்காது, கொம்பு போலக் கடினமான சிறு தகடு இருக்கும். கேக்டஸில் ஏரியோல் என்ற பஞ்சுப் பொட்டு கட்டாயம் இருக்கும்; அதிலிருந்து ஒன்று, ஐந்து, பத்து என்று முட்கள் கொத்தாகக் கிளம்பும். முள்ளே இல்லாத செரியஸிலும் பொட்டு இருக்கும்.

பூவும் காயும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். யூஃபோர்பியாவின் பூ மிகச் சிறியது, பெரும்பாலும் மஞ்சள். காய் மூன்று பிளவாக இருக்கும். ஆமணக்கும் இதே குடும்பம் என்பதால், ஆமணக்கங்காயைப் பார்த்தவர்களுக்கு அந்த மூன்று பிளவு உடனே பிடிபடும்.

அப்படியானால் கீறிப் பார்த்துப் பால் வருகிறதா என்று சோதித்துவிடலாமே?

சோதனை சரிதான். தூண் வடிவக் கேக்டஸில் கீறினால் நிறமற்ற வழவழப்பான சாறு வரும். யூஃபோர்பியாவில் வெள்ளைப் பால் பொங்கும். ஆனால் முள்ளைப் பார்த்தாலே தெரிகிற விஷயத்துக்குக் கத்தி எதற்கு? கள்ளிப்பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். மாடியில் கீறிவிட்டு அதே கையால் வியர்வையைத் துடைத்தால் போதும், வினை வந்துவிடும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் நீண்ட நேரம் கண்ணைக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். 1819-இல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை வடசென்னையிலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போகும் தேவை வராமல் பார்த்துக்கொள்வது உத்தமம்.

முகடுகளை எண்ணினால் இனம் தெரிந்துவிடுமா?

உதவும், தீர்ப்பு சொல்லாது. எண்ணும் இடம் முக்கியம். அடித்தண்டு மரமாகி, முகடுகள் மழுங்கிக் காணாமல் போயிருக்கும். நுனியில் புது முகடுகள் முளைத்துக்கொண்டிருக்கும். நுனியிலிருந்து ஓர் அடி கீழே, வெயிலில் வளர்ந்த கிளையில் எண்ணுங்கள். ஒரு முகட்டில் நூல் கட்டிக்கொண்டு தொடங்கினால் சுற்றி வரும்போது தவறாது.

நர்சரிகளில் "செரியஸ் பெருவியானஸ்" என்ற அட்டையோடு விற்கப்படும் செடியில் பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு வரை, ஆழமான, மெல்லிய முகடுகள் இருக்கும். அது பெரும்பாலும் தென் பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பகுதிகளின் செரியஸ் ஹில்ட்மானியானஸ். தென்னமெரிக்காவின் வடகோடியைச் சேர்ந்த செரியஸ் ரிபாண்டஸ் என்றால் ஒன்பது, பத்து முகடுகள், அவையும் ஆழம் குறைந்தவை. வடகிழக்கு பிரேசிலின் செரியஸ் ஜமக்காருவில் நான்கு முதல் ஆறு. எண்ணிக்கை ஒன்றோடொன்று கலக்கிறது, கவனித்தீர்களா? ஆறு முகடு என்று மட்டும் சொன்னால் இரண்டு இனங்களுக்கும் பொருந்தும். சந்தையில் கலப்பினங்களும் ஏராளம். அதனால்தான் எண்ணிக்கையோடு முகட்டின் ஆழம், விளிம்பு கூர்மையா மழுங்கலா, ஏரியோல்களுக்கு இடையே எத்தனை விரற்கடை இடைவெளி என்பதையும் சேர்த்துக் குறிக்கச் சொல்கிறேன்.

ஆழத்தையும் ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தண்டு ஒடுங்கிப் பள்ளம் ஆழமாகத் தெரியும். ஐப்பசி மழையில் நீர் குடித்து உப்பிவிட்டால் அதே தண்டு கிட்டத்தட்ட உருண்டையாகத் தெரியும். முகடுகளின் எண்ணிக்கை மட்டும் மாறியிருக்காது.

நீல நிறத்தில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் "புளூ செரியஸ்" என்றார். சரியான பெயர் என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மூன்று செடிகள் இந்தப் பெயரில் கைமாறுகின்றன, மூன்றையும் பூ இல்லாமலே பிரித்துவிடலாம்.

முதலாவது பைலோசோசெரியஸ் பாக்கிகிளாடஸ். பிரேசில் செடி. நீலம் என்றால் இதுதான் நீலம்; இளம் நுனி வானத்தின் நிறத்துக்கே வந்துவிடும். லென்ஸ் வைத்து ஏரியோலைப் பாருங்கள். குட்டையான பஞ்சு மட்டுமல்லாமல், அதிலிருந்து பட்டு நூல் போன்ற நீண்ட வெள்ளை மயிர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முட்கள் மெல்லியவை, இளம் நுனியில் தேன் மஞ்சள், காலையில் வெயில் பின்னாலிருந்து விழும்போது நுனி முழுவதும் பொன்னாக ஒளிரும். வயதான செடியில் பூக்கும் பகுதியின் ஏரியோல்கள் தனியாகத் தெரியும். அங்கே மயிர் அடர்ந்து ஒரு பக்கம் குவிந்திருக்கும்.

இரண்டாவது செரியஸ் ஜமக்காரு அல்லது அதன் கலப்பு. இளமையில் நல்ல நீலம், வயதானால் சாம்பல் பச்சை. இதன் ஏரியோலில் குட்டைப் பஞ்சு மட்டுமே, நீண்ட மயிர் இருக்காது. முட்கள் தடித்து, நீண்டு, விறைத்து நிற்கும்.

மூன்றாவது மிர்ட்டிலோகாக்டஸ் ஜியோமெட்ரைசன்ஸ். மெக்சிகோ செடி. நீலம் என்பதைவிட நீலச் சாம்பல் பூசிய பச்சை. முகடுகள் ஐந்து முதல் எட்டு, தடித்தவை. பக்கவாட்டு முட்கள் குட்டையானவை. வளர்ந்த செடியில் நடுவில் ஒரே ஒரு கறுத்த முள் பட்டையாக, குத்துவாள் வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நடுமுள்ளைப் பார்த்துவிட்டால் வேறெதுவும் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள்: அந்த நீலம் தோலின் மேல் படிந்த மெழுகுப் பூச்சு. துணியால் துடைத்தால் போய்விடும், துடைத்த இடத்தில் திரும்ப வராது. மணலி, எண்ணூர் பக்கம் தூசி படிகிறதே என்று ஈரத் துணியோடு போகாதீர்கள். பூவாளியில் தண்ணீர் தெளித்தால் போதும்.

இரவில் பூத்துக் காலையில் வாடிவிட்டது. பூவைப் பார்த்தால் சொல்ல முடியுமா?

பூவைவிட நல்ல சாட்சி இல்லை. படத்தில் எல்லோரும் எடுப்பது விரிந்த வெள்ளை இதழ்களை. எனக்கு வேண்டியது பூவின் முதுகு. தண்டிலிருந்து இதழ் வரை நீளும் குழாயை டார்ச் அடித்துப் பாருங்கள்.

குழாய் வழவழவென்று, மயிரோ முள்ளோ இல்லாமல், ஆங்காங்கே ஒரு செதிலோடு மட்டும் இருந்தால் செரியஸ். குழாய் நெடுக மயிர் அடர்ந்திருந்தால் ட்ரைக்கோசெரியஸ் கூட்டம். பூ குட்டையாகத் தடித்து, மயிர் குவிந்த ஏரியோலிலிருந்து கிளம்பியிருந்தால் பைலோசோசெரியஸ். ஒரே ஏரியோலிலிருந்து நான்கைந்து சின்னஞ்சிறு பூக்கள், அதுவும் பகலில், என்றால் மிர்ட்டிலோகாக்டஸ்.

மறுநாளும் வேலை இருக்கிறது. செரியஸில் வாடிய இதழ்கள் உதிர்ந்துவிடும். ஆனால் பூவின் நடுவில் நிற்கும், சூலகத் தண்டு என்கிற நீண்ட குச்சி மட்டும் காய்ந்து காயின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பைலோசோசெரியஸில் கருகிய பூ முழுதும் காயிலேயே தொங்கும். பூத்த இரவைத் தவறவிட்டவர்கள் இதை வைத்தே பேரினத்தைச் சொல்லிவிடலாம்.

சென்னையில் வீட்டுக்கு வீடு பிரம்மகமலம் என்று கொண்டாடப்படுவதும் இரவில் பூக்கும் கேக்டஸ்தான். ஆனால் அதன் தண்டு இலை போலத் தட்டையானது; தூண் கள்ளியோடு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

வருடந்தோறும் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. இது ஆண் செடியா?

செரியஸ் பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு. சிக்கல் வேறு. சாகுபடியில் இருக்கும் செரியஸ்கள் பொதுவாகத் தம் சொந்த மகரந்தத்தை ஏற்பதில்லை. நம் பகுதியில் ஒரு வீட்டுக் கிளையை ஒடித்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்து, அங்கிருந்து எதிர் வீட்டுக்குப் போய், தெரு முழுவதும் ஒரே செடிதான் பல தொட்டிகளில் நிற்கிறது. அவற்றுக்குள் மகரந்தம் மாறினாலும் பயனில்லை. பெரம்பூரிலோ மாதவரத்திலோ வேறு மூலத்திலிருந்து வந்த செடி பூக்கும் இரவில் மகரந்தத்தை ஒரு தூரிகையில் எடுத்து வந்து தடவிப் பாருங்கள். காய் பிடித்தால் அடையாளம் காண இன்னொரு தடயம் கிடைக்கும்: செரியஸ் பழத்தின் தோல் சிவப்பாகவோ மஞ்சளாகவோ மாறி வெடிக்கும், உள்ளே வெள்ளைச் சதை, கறுப்பு விதை.

அந்தப் பழத்தைச் சாப்பிடலாமா?

செரியஸ் என்று உறுதியானால் சாப்பிடலாம், சுவை மென்மையான இனிப்பு. உறுதியாகவில்லை என்றால் வேண்டாம். யூஃபோர்பியா நஞ்சு. தூண் கேக்டஸிலும் சான் பெட்ரோ எனப்படும் ட்ரைக்கோசெரியஸ் பாச்சனோயின் தண்டில் மெஸ்கலின் என்ற போதைப் பொருள் இருக்கிறது. பெயர் தெரியாத கள்ளி வாய்க்குள் போகக்கூடாது.

இணையத்தில் படம் போட்டேன், நான்கு பேர் சான் பெட்ரோ என்றார்கள். இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பலர் எல்லாத் தூணையும் சான் பெட்ரோ என்பார்கள். அது ஆண்டிஸ் மலைச் செடி. பெரு, ஈக்வடார் நாடுகளில் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2000 முதல் 3000 மீட்டர் உயரத்தில் வளர்வது. முகடுகள் அகன்று உருண்டிருக்கும், செரியஸைப் போல மெல்லிய தகடாக இருக்காது. ஒவ்வோர் ஏரியோலுக்கும் மேலே 'ப' எழுத்தின் அடி கூரானது போல ஒரு பள்ளக் கீற்று விழுந்திருக்கும். அந்தக் கீற்று இல்லையென்றால் அந்தப் பெயரை நான் ஏற்கமாட்டேன்.

வெள்ளை முடி போர்த்திய தூண்?

முடி நீண்டு தொங்கி, முதியவரின் தலை போல் இருந்தால் மெக்சிகோவின் செபலோசெரியஸ் சினைலிஸ். முடி பஞ்சாகச் சுற்றி, அதற்குள்ளிருந்து கூர்முட்கள் எட்டிப் பார்த்தால் பெரு, ஈக்வடார் பகுதியின் எஸ்போஸ்டோவா. தண்டு ஒல்லியாக, இருபதுக்கு மேல் முகடுகளோடு, வெள்ளை ஊசிமுட்களால் மூடியிருந்தால் பொலிவியா, அர்ஜென்டினா மலைகளின் கிளைஸ்டோகாக்டஸ் ஸ்ட்ராஸி. மலைச் செடிகளுக்கு நம் ஊர்ப் புழுக்கமான இரவுகள் ஒத்துக்கொள்வதில்லை. அழுகி விழுவதற்குள் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் படங்களில் கை விரித்து நிற்குமே, அந்தச் சகுவாரோ வடசென்னையில் இருக்கிறதா?

அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இளம் செரியஸ். சகுவாரோ சொனோரா பாலைவனத்துச் செடி, தொடக்க ஆண்டுகளில் வருடத்துக்கு ஓர் அங்குலம்கூட வளராது, முதல் கை முளைக்க ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உங்கள் செடி வருடத்துக்கு ஓர் அடி வளர்கிறது என்றால் கேள்வி முடிந்தது.

தண்டு முழுவதும் கோணல்மாணலாக, முகடே ஒழுங்காக இல்லை. நோயா?

நோய் அல்ல, வளர்நுனி ஒழுங்கு தவறிய வடிவம். செரியஸில் இது சகஜம், கடைகளில் தனி விலை. சில சமயம் அதிலிருந்தே ஒழுங்கான கிளை ஒன்று கிளம்பும். அந்தக் கிளையில்தான் முகடு எண்ண வேண்டும். முறுக்கிய திருகு வடிவமும் செரியஸில் உண்டு. கோட்டைக் கோபுரங்கள் போலக் குட்டிக் குட்டித் தூண்களாக நெருங்கி வளரும் சிறு தொட்டிச் செடி மட்டும் வேறு, அது அகாந்தோசெரியஸ் டெட்ராகோனஸின் வளர்ப்பு வகை.

சிவப்பு உருண்டை செத்துவிட்டது, அடியில் இருந்த முக்கோணத் தண்டு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது.

அது டிராகன் பழச் செடி. சிவப்பு உருண்டை வேறொரு கேக்டஸ்; அதை ஒட்டுக்கட்ட இதை அடித்தண்டாக வைத்திருப்பார்கள். கம்பம் நட்டு ஏற்றிவிடுங்கள்.

கைப்பேசிச் செயலி ஒரு பெயர் சொல்கிறது. நம்பலாமா?

பேரினம் வரை ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம். செயலி ஒப்பிடுவது இணையத்தில் கிடக்கும் படங்களோடு. அந்தப் படங்களில் பல, தவறான நர்சரி அட்டையைப் பார்த்து எழுதப்பட்ட பெயரோடு இருக்கின்றன. செங்குன்றம் சாலையில் நாம் வாங்கும் செடிகளில் நிறைய ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்தும், கேக்டஸ் என்றால் மேற்கு வங்க மலைநகரமான காலிம்போங்கிலிருந்தும் கை மாறி மாறி வருபவை. வழியில் அட்டை தொலைந்துபோனால் யாரோ ஒருவர் புதிதாக ஒன்று எழுதி வைப்பார். செடியைக் கேளுங்கள், அட்டையைக் கேட்காதீர்கள்.

அப்படியானால் தெரிந்தவரிடம் கேட்க என்னென்ன படம் எடுக்க வேண்டும்?

முழுச் செடி ஒன்று, பக்கத்தில் உயரம் தெரிய ஒரு துடைப்பமோ வாளியோ வைத்து. நுனியை நேர் மேலிருந்து ஒன்று. முகடுகள் நட்சத்திரமாக விரிவது அதில்தான் தெரியும். ஒரே ஏரியோலை மிக அருகில், பக்கத்தில் அளவுகோல் வைத்து. புது முள்ளும் பழைய முள்ளும் ஒரே படத்தில், ஏனென்றால் செரியஸில் செம்பழுப்பாகப் பிறக்கும் முள் பிறகு சாம்பலாகிவிடும். பூவின் குழாய், காய் இருந்தால் காய். அடித்தண்டு எங்கிருந்து கிளைக்கிறது என்பது.

எடுப்பதற்கு முன் செடி எங்கே வளர்ந்தது என்பதைப் பாருங்கள். வண்ணாரப்பேட்டை போன்ற நெருக்கமான தெருக்களில் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெயில் தேடி நீண்ட தண்டு ஒல்லியாகி, வெளிறி, முள் குறுகி, வேறொரு இனம் போலவே மாறிவிடும். அந்தப் பகுதியை வைத்து யாராலும் பெயர் சொல்ல முடியாது. மொட்டை மாடி வெயிலில் ஒரு துண்டை வளர்த்துப் புதுத் தண்டு வந்த பிறகு கேளுங்கள். அடித்தண்டு பழுப்பாகி மரப்பட்டை போல ஆவது வயதின் இயல்பு, உப்புக்காற்றின் மேல் பழி போட வேண்டாம்.

எல்லாம் பார்த்தும் இனம் உறுதியாகவில்லை. அட்டையில் என்ன எழுதுவது?

"செரியஸ், இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது முழுமையான விடை. பூ பார்க்காமல் இனப்பெயர் வரை எழுதுகிறவரைவிடப் பேரினத்தோடு நிறுத்துகிறவரை நான் அதிகம் நம்புவேன். அதனடியில் செடி யாரிடமிருந்து வந்தது, எந்த மாதம் பூத்தது என்ற இரண்டையும் சேர்த்துவிடுங்கள். அலுமினியத் தகட்டில் ஆணி முனையால் கீறி எழுதினால் நிற்கும். மார்க்கர் பேனா மை நம் வெயிலுக்குத் தாங்காது.

செடி கூரையை முட்டுகிறது. வெட்டினால் அடையாளம் போய்விடுமா?

போகாது. வெட்டுவதற்கு முன் மேலே சொன்ன படங்களை எடுத்துவிடுங்கள், வெட்டிய முகத்தையும் ஒரு படம். வெட்டுவாய்க்குக் கீழுள்ள ஏரியோல்களிலிருந்து புதுக் கிளைகள் வரும். அவை முதலில் குறைந்த முகடுகளோடு கிளம்பலாம் என்பதால் ஒரு வருடம் அவற்றை வைத்து எண்ண வேண்டாம். வெட்டிய துண்டை நிழலில் பத்து நாளாவது காயவைத்து, வாய் தோல் கட்டிய பிறகு மணல் கலந்த மண்ணில் நடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை வேண்டாம், வெட்டுவாய் அழுகிவிடும். மாசி பிறக்கட்டும்.